கிராமத்து வீடு வாங்குமுன்: மூன்று பிரெஞ்சு கொம்யூன்களை வரைபடத்தில் படித்தால்

ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து மூன்று விதமாக வந்தது. ஒருவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். புறநகர் அடுக்குமாடியை விட்டு இறங்கி, தரையில் கால் படும்படி ஒரு வீட்டில் மிச்ச நாளைக் கழிக்க ஆசை. அடுத்தது ஒரு தம்பதி. இருவருக்கும் கணினி வேலை, வாரத்தில் பெரும்பாலான நாள் வீட்டிலிருந்தே. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. மூன்றாமவருக்கு வேண்டியது கோடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் போய்வர ஒரு வீடு. மற்ற மாதங்களில் வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. மூவரும் பாரீஸ் புறநகர்த் தமிழர்கள். மூவரும் கைப்பேசியில் வீட்டுப் படங்களைக் காட்டினார்கள்: கல் சுவர், மர உத்தரம், முற்றத்தில் ஆப்பிள் மரம்.

'வீடு கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது?' என்று கேட்டேன். மூவருக்குமே தெரியவில்லை.

வீட்டைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்ப்பது நம் வழக்கம். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் குடும்பத்தை முதலில் விசாரிப்போம். கிராமத்து வீட்டுக்கும் அந்த முறைதான் சரி என்பது என் கட்சி. வீட்டின் விலை விளம்பரத்திலேயே இருக்கிறது. அந்த வீட்டில் வாழ ஆகும் செலவு கொம்யூனின் நிலவியலில் இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு 'கொம்யூன்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பாகூரும் வில்லியனூரும் திருநள்ளாறும் இன்றைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தாம். 1880-இல் வந்த பிரெஞ்சு ஆணையின் மிச்சம். பிரான்சில் அதன் பிறப்பு 1789 டிசம்பர் 14-ஆம் தேதிச் சட்டத்தில். பெரும்பாலும் பழைய தேவாலயப் பங்குகளின் எல்லையே கொம்யூனின் எல்லையாயிற்று. இன்று ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள். பாரீஸும் ஒரு கொம்யூன், இருநூறு பேர் வாழும் மலையூரும் ஒரு கொம்யூன். பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு மன்றம், 'மேரி' என்கிற அலுவலகம். நீங்கள் வாங்குவது வீடு. குடிபோவது இந்தச் சின்னக் குடியரசுக்குள்.

ஒப்பிட மூன்றை எடுத்துக்கொண்டேன்: பர்கண்டியில் வெஸ்லே, க்ரேஸ் மாவட்டத்தில் ஜான்சியூ-பிஜெரோல், ஆல்ப்ஸில் சேன்-வெரான். மூன்றிலும் பெய்யும் மழை மூன்று கடலுக்குப் போகிறது. வெஸ்லே மழை க்யூர், யோன், சேன் ஆறுகள் வழியாக ஆங்கிலக் கால்வாய்க்கு. ஜான்சியூ மழை வியென், லுவார் வழியாக அட்லாண்டிக்குக்கு. சேன்-வெரான் பனி உருகி கீல், துரான்ஸ், ரோன் வழியாக மத்தியதரைக்கடலுக்கு. இந்த மூன்றில்தான் வாங்க வேண்டும் என்பதல்ல. குன்றூர், பீடபூமி, உயர்மலை என்று மூன்று வகைக்கு மூன்று மாதிரி.

## எதை வைத்து எடை போடுவது

விலையை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

உயரமும் வெயிலும். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.6 டிகிரி குறையும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி; விறகுக் கணக்கில் இது பெரிய தொகை. அதோடு வீடு இருக்கும் சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் வேண்டும். தெற்கு நோக்கிய சரிவில் டிசம்பரிலும் சுவர் காயும். எதிர்ச்சரிவில் மதியத்துக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், சில பள்ளங்களில் வாரக்கணக்கில் எட்டியே பார்க்காது.

வீடுகள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன. தேவாலயத்தைச் சுற்றி நெருக்கமாகவா, குக்கிராமங்களாகச் சிதறியா? நெருங்கிய ஊரில் பொதுச் சாக்கடை பெரும்பாலும் இருக்கும். சிதறிய ஊரில் உங்கள் கழிவுத்தொட்டி உங்கள் பொறுப்பு, பனி விழுந்தால் கடைசியாகத் திறக்கப்படும் சாலையும் உங்களுடையதுதான்.

தரைக்கு அடியில் என்ன கல். களிமண் கலந்த நிலம் வறட்சியில் சுருங்கி மழையில் உப்பும். சுவரில் விரிசல் ஓடும். கருங்கல் நிலத்தில் கதிரியக்கமுள்ள ராடான் வாயு கசியும். ஜியோரிஸ்க் என்ற அரசுத் தளத்தில் முகவரியைப் போட்டால் இரண்டும் தெரியும், செலவில்லை.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லாதீர்கள். ரொட்டிக்கு எத்தனை நிமிடம், மருத்துவருக்கு எத்தனை, ரயிலுக்கு எத்தனை, பள்ளிக்கு எத்தனை? அதுவும் ஜனவரி மாலை ஆறு மணிக்கு.

யாரைக் கேட்டு ஜன்னல் மாற்ற வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் வீடு இருந்தால், வெளித்தோற்றத்தைத் தொடும் எந்த வேலையும் அரசின் மரபுக் கட்டடக் கலைஞர் பார்வைக்குப் போகும். ஓட்டின் நிறம், கதவின் மரம், சூரியத் தகடு எல்லாம் இதில் அடக்கம்.

## வெஸ்லே: உலகம் வந்து போகும் குன்று

பாரீஸிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர். யோன் மாவட்டம், மக்கள்தொகை நானூற்றுச் சொச்சம். மொர்வான் கருங்கல் மலைகளின் வடக்கு ஓரத்தில், சுண்ணாம்புக்கல் நிலத்தில் தனித்து எழும் ஒரு குன்று; உச்சி சுமார் 300 மீட்டர். குன்றின் முதுகில் ஒரே தெரு ஏறுகிறது, முடிவில் மரி-மக்தலேன் பேராலயம். 1146-இல் பெர்னார் துறவி இரண்டாம் சிலுவைப்போருக்கு அறைகூவல் விடுத்தது இந்த ஊரில்தான். ஆலயமும் குன்றும் 1979-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டன.

புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த ரோலண்ட் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தது வெஸ்லேயில். காந்தியைப் பற்றி 1924-இல் எழுதியவர், பின்னர் ராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர், 1938-இல் இங்கே குடிவந்து 1944 டிசம்பர் 30 அன்று இறந்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று ஓவிய அருங்காட்சியகம். முதல் தடவை அந்த வாசலில் நின்றபோது ஊர் கொஞ்சம் நம்முடையது போலத் தோன்றியது. வீடு வாங்குவதில் இந்த உணர்ச்சிதான் ஆபத்து.

உயரம், வீடுகளின் அமைப்பு, தூரம் என்ற மூன்று அளவுகோலில் வெஸ்லே எளிதில் தேறுகிறது. உயரம் குறைவு, குளிர் பாரீஸைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வீடுகள் நெருக்கமானவை. ரயில் நிலையம் செர்மிஸெல், பத்து கிலோமீட்டர். பாரீஸ்-பெர்சியிலிருந்து இரண்டரை மணி நேரம் போலாகும். மருத்துவமனைக்குப் பதினைந்து கிலோமீட்டரில் அவலோன்.

ஐந்தாவது அளவுகோலில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஊர் முழுக்கச் சின்னங்கள், எல்லாமே 500 மீட்டருக்குள். மரச் சட்டத்துக்குப் பதில் பிளாஸ்டிக் ஜன்னல் போடலாம் என்று நினைத்தால் கனவோடு சரி. கைவினைத் தச்சர் செய்யும் ஜன்னலுக்கும் கடையில் வாங்குவதற்கும் விலை வித்தியாசத்தை ஒரு ஜன்னலுக்குப் பாருங்கள், பிறகு வீட்டிலுள்ள ஜன்னல்களை எண்ணுங்கள். கோடையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. செங்குத்தான கல் தெருவில் அரிசி மூட்டையோடு ஏற வேண்டும். எழுபது வயது முழங்காலுக்கு இது சின்ன விஷயமல்ல. குளிர்காலத்தில் கூட்டம் போனதும் கடைகளும் கூடவே மூடிக்கொள்கின்றன.

எனவே வெஸ்லே பிடித்தவர்களுக்கு நான் சொல்வது: குன்றிலிருந்து இறங்குங்கள். அடிவாரத்தில் க்யூர் ஆற்றங்கரையில் சேன்-பேர் என்ற கொம்யூன் இருக்கிறது. ஜன்னலில் பேராலயம் தெரியும், தெரு சமதளம். ஆனால் ஆற்றோரத் தெருக்களில் வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதே ஆற்று வழியில்தான் நூற்றாண்டுக்கணக்கில் மொர்வான் காட்டு விறகைக் கட்டை கட்டையாக மிதக்கவிட்டுப் பாரீஸ் அடுப்புகளுக்கு அனுப்பினார்கள். விறகைச் சுமந்து போன தண்ணீர் வீட்டுக்குள் வரவும் தெரிந்த தண்ணீர்தான்.

## ஜான்சியூ-பிஜெரோல்: மலிவு ஏன் மலிவு

இந்தப் பகுதி நீளும். மூன்றில் அதிகம் பேர் விசாரிப்பது க்ரேஸ் மாவட்டத்தைத்தான். பிரான்சிலேயே வீட்டு விலை மிகக் குறைந்த மாவட்டங்களில் ஒன்று. பாரீஸ் புறநகரில் ஒரு கார் நிறுத்துமிடம் வாங்கும் பணத்தில் அங்கே கூரையோடு ஒரு கல் வீட்டைப் பார்க்க முடியும். இந்த மலிவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அது நம்மைப் போன்றவர்களுக்கு அந்நியமானதல்ல.

1851-இல் க்ரேஸ் மாவட்டத்தில் 2,87,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 1,15,000 அளவுக்கு இறங்கிவிட்டது. போனவர்கள் பஞ்சம் பிழைக்கப் போனார்கள். கருங்கல் பூமி, மெல்லிய மண், நீண்ட குளிர். விளைச்சல் குடும்பத்துக்குப் போதாது. வசந்தம் தொடங்கியதும் ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பாரீஸுக்கு நடந்தே போய்க் கொத்து வேலை செய்தார்கள், குளிர்காலத்துக்கு ஊர் திரும்பினார்கள். பின்பு திரும்புவதை நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸை மாற்றிக் கட்டியவர் ஓஸ்மான். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் அவர் காலக் கட்டடங்களில் க்ரேஸ் கொத்தனார்களின் கை இருக்கிறது. அவர்களில் ஒருவர் மார்த்தேன் நாதோ. 1815-இல் இதே மாவட்டத்தில் பிறந்து, 1830-இல் தந்தையோடு பாரீஸுக்கு நடந்து, 1849-இல் நாடாளுமன்ற உறுப்பினரானவர். ஊரை விட்டுப் போய் நகரத்தில் கல் சுமந்து, பணத்தை வீட்டுக்கு அனுப்பியவர்கள் கட்டியதுதான் இன்று விற்பனைக்கு இருக்கும் வீடுகளில் பல. அந்தச் சாவியை வாங்கப் போவது இன்னொரு தலைமுறைப் புலம்பெயர்ந்தவர்கள்.

இனி வரைபடம். ஜான்சியூவும் பிஜெரோலும் சேர்ந்து ஒரே கொம்யூன் ஆனவை. மில்வாஷ் பீடபூமியின் மேல், எழுநூறு எண்ணூறு மீட்டர் உயரத்தில், முந்நூற்றைம்பது பேர் அளவில். 'மில்வாஷ்' என்றால் கேட்பவருக்கு 'ஆயிரம் பசு' என்று விழும். ஊர்க்காரர்கள் அதை 'ஆயிரம் ஊற்று' என்று விளக்குவார்கள். சொல்லாராய்ச்சி எப்படியோ, நிலம் ஊற்றுகளின் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. வியென், க்ரேஸ், வெஸேர் என்று பல ஆறுகள் இந்தப் பீடபூமியில் பிறக்கின்றன. நிலம் பஞ்சுபோல் நீர் பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டில் அது பச்சை, நவம்பரில் அதுவே பாசி.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஜூலையில் அந்தப் பீடபூமியில் ஒரு வீடு பார்த்தோம். மாலை பத்து மணி வரை வெளிச்சம், சுவரோரம் ரோஜா. முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று நவம்பரில் மறுபடி போனால், அதே வீட்டின் வடக்குச் சுவர் உள்பக்கம் கறுத்திருந்தது. ஊசியிலைத் தோப்பு வீட்டின் மேல் சாய்ந்தாற்போல் நிற்க, மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருந்தது. பழைய புதர்வெளிகளில் இருபதாம் நூற்றாண்டில் நட்ட டக்ளஸ், ஸ்ப்ரூஸ் மரங்கள் இவை. கோடையில் நிழல் என்று நான் ரசித்தது இதைத்தான்.

மறைசெலவுகளை வரிசையாகச் சொன்னால்:

ராடான். க்ரேஸ் அடங்கிய லிமூசேன் கருங்கல் நாடு முழுவதும் பெரும்பாலும் ராடான் அபாயத்தின் மேல்படியான மூன்றாம் வகையில் வருகிறது. வீடு விற்கும்போது இதைத் தெரிவிக்க வேண்டும். பயந்து ஓட வேண்டியதில்லை. அளவுகருவியைக் குளிர்காலத்தில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்து, தேவையானால் நிலவறையிலும் தரைத்தளத்திலும் காற்றோட்டம் செய்ய வேண்டும். இதை யாரும் வீட்டு விலையில் கழித்துக் காட்டமாட்டார்கள்.

கழிவுத்தொட்டி. குக்கிராமங்களாகச் சிதறிய கொம்யூன் இது. மையத்தைத் தாண்டினால் பொதுச் சாக்கடையை எதிர்பார்க்க முடியாது. விற்பனையின்போது மூன்றாண்டுக்குள் எடுத்த ஆய்வு அறிக்கை கட்டாயம். தொட்டி விதிப்படி இல்லை என்றால் வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். புதிதாகப் போட்டால் பத்தாயிரம் யூரோவைத் தொடும், ஈரமண்ணில் தாண்டும். நண்பர் ஒருவர் இந்த அறிக்கையைப் படிக்காமலே மடித்து வைத்தார். பிரித்துப் படித்தபோது அவருடைய சமையலறைச் செலவுப் பணம் மண்ணுக்குள் போயிருந்தது.

எண்ணெய்க் கொதிகலன். பழைய வீட்டு நிலவறையில் பெரிய எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தால் கணக்கைத் திறங்கள். 2022 ஜூலையிலிருந்து புதிய எண்ணெய்க் கொதிகலன் பொருத்தத் தடை. இருப்பது பழுதானால் விறகு உருண்டை அடுப்போ வெப்பப் பம்போ வைக்க வேண்டும்.

இரண்டாவது கார். இது ஆடம்பரம் இல்லை. பெரிய நகரமான லிமோஜ் எழுபது கிலோமீட்டர் அளவில். பாரீஸ்–துலூஸ் நெடும்பாதையில் உள்ள லா சூத்தெரேன் நிலையமும் அருகில் இல்லை. ஒருவர் காரில் போய்விட்டால் வீட்டிலிருப்பவர் தீவில் இருக்கிறார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்த மூன்றில் உயிரோட்டமுள்ள ஊர்ப்பக்கம் இதுதான் என்றும் சொல்ல வேண்டும். ஜான்சியூவின் போர் நினைவுச்சின்னத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1922-இல் எழுப்பியது. பள்ளி அங்கி போட்ட ஓர் அநாதைச் சிறுவன், ஒரு கையில் தொப்பி, மறு கை முஷ்டியாக இறந்தவர் பெயர்களின் கீழுள்ள வாசகத்தை நோக்கி: 'போர் நாசமாய்ப் போக'. நாடெங்கும் வீரத்தைப் பாடிய காலத்தில் ஒரு சின்னக் கொம்யூன் கல்லில் எழுதி வைத்தது இது. இன்றும் ஒவ்வொரு நவம்பர் 11 அன்றும் அங்கே போர் எதிர்ப்பாளர்கள் கூடுகிறார்கள். பக்கத்து கொம்யூனான ஃபோ-லா-மொந்தாஞ்சில் தொழிலாளர்களே நடத்தும் மர ஆலை 1988 முதல் ஓடுகிறது. 1986-இல் தொடங்கிய உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு இந்தப் பீடபூமி பழக்கப்பட்டது. புதுமுகத்தை வெறித்துப் பார்க்காமல் சங்கக் கூட்டத்துக்கு வா என்பார்கள். போகவில்லை என்றால் அதையும் கவனிப்பார்கள்.

குழந்தை இருந்தால் பள்ளியை மேரியில் நேரில் கேளுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் இரண்டு மூன்று கொம்யூன்கள் வகுப்புகளைப் பங்கிட்டுக்கொள்வது உண்டு: சின்ன வகுப்பு ஓர் ஊரில், பெரிய வகுப்பு அடுத்த ஊரில், நடுவில் பள்ளி வண்டி. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் வகுப்பு மூடும் பேச்சு எழும். அதனால் ஏழு வயதுப் பிள்ளையோடு வரும் குடும்பத்துக்கு மேயரே காபி போட்டுக் கொடுத்தாலும் வியக்காதீர்கள்.

## சேன்-வெரான்: பார்க்க ஒரு கண், வாழ இன்னொரு கண்

கேரா பள்ளத்தாக்கின் மேல்முனை, இத்தாலி எல்லை. 2,042 மீட்டர், பிரான்சின் மிக உயரமான கொம்யூன். இருநூறு பேர் அளவில். இங்கே சேவல்கள் நட்சத்திரங்களைக் கொத்தித் தின்னும் என்று ஒரு பழஞ்சொல் உண்டு. ஊருக்கு மேலே 2,900 மீட்டருக்கும் உயரத்தில் ஒரு வானோக்கு நிலையம் இருக்கிறது, பழஞ்சொல்லுக்கு அறிவியல் சாட்சி.

ஊரின் அமைப்பு ஒரு பாடம். மரவீடுகள் வரிசையாகத் தெற்குச் சரிவில் வெயிலைப் பார்த்து நிற்கின்றன. கீழ்த்தளம் கல், மேலே வைக்கோல் காய வைக்க மர அடுக்கு. குடியிருப்பு பல பகுதிகளாகப் பிரிந்து, நடுநடுவே வெற்றிடம் விட்டிருப்பார்கள். ஒரு பகுதியில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது. பகுதிக்கொரு நீர்த்தொட்டி, ஒரு சிலுவை. சுவர்களில் வண்ணச் சூரியக் கடிகாரங்கள். ஆறு மாதப் பனியையும் நெருப்பையும் பார்த்தவர்கள் போட்ட திட்டம் இது.

நமக்கு? பாரீஸ்-ஆஸ்தெர்லிட்ஸிலிருந்து பிரியான்சோன் போகும் இரவு ரயிலில் ஏறி, விடிந்ததும் மோந்தோஃபேன்-கியெஸ்த்ர் நிலையத்தில் இறங்கி, இன்னும் முப்பதுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் மலைப்பாதை. நவம்பர் முதல் மார்ச் முடிய குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். மருத்துவமனை பிரியான்சோனில். 1985-ஆம் ஆண்டின் மலைச் சட்டம் இருப்பதால் இருக்கும் குடியிருப்பை ஒட்டி அல்லாமல் புதுவீடு கட்ட முடியாது. விற்பனைக்கு வருவது சிலவே, விலையும் மலிவல்ல. பனிச்சரிவு, வெள்ள வரைபடங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும். 1957 ஜூனில் கீல் ஆறு இந்தப் பள்ளத்தாக்கைச் சூறையாடியது.

இரண்டாம் வீடாக வாங்குபவருக்கு இன்னொரு கணக்கு. குடியிருப்பு வரி முதன்மை வீடுகளுக்கு 2023 முதல் இல்லை. இரண்டாம் வீட்டுக்கு இன்னும் உண்டு. நில வரி அதற்கு மேல். ஆண்டு முழுக்க வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் ஆற்றல் தரச்சான்றைப் பாருங்கள்: கடைசிப் படியான 'ஜி' வீடுகளை 2025 முதல் புதிதாகக் குடித்தனத்துக்கு விட முடியாது, 'எஃப்' வீடுகளுக்கு 2028-இல் கதவு மூடும். இரண்டாயிரம் மீட்டரில் உள்ள பழைய மரவீடு எந்தப் படியில் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு கொஞ்சம் கறாரானது: சேன்-வெரானில் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். இரண்டு வாரம் ஜூனில், ஒரு வாரம் பிப்ரவரியில். பனியில் சறுக்குவதும் மலையேறுவதும் உயிராக இருப்பவர்கள், கைத்தொழில் அல்லது விடுதி நடத்தி அங்கேயே பிழைக்கத் துணிந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு.

## மூன்றும் ஒரு பார்வையில்

| | வெஸ்லே | ஜான்சியூ-பிஜெரோல் | சேன்-வெரான் |
|---|---|---|---|
| மாவட்டம் | யோன் | க்ரேஸ் | ஓத்-ஆல்ப் |
| மக்கள் | நானூற்றுச் சொச்சம் | முந்நூற்றைம்பது அளவில் | இருநூறு அளவில் |
| ஊர் உயரம் | 300 மீ. அளவில் | 700–800 மீ. அளவில் | 2,042 மீ. |
| வீடுகள் | குன்றின் மேல் நெருக்கம் | சிதறிய குக்கிராமங்கள் | சரிவில் பகுதி பகுதியாக |
| ரயில் | 10 கி.மீ. | லிமோஜ் 70 கி.மீ. அளவில் | 30 கி.மீ.க்கு மேல், மலைப்பாதை |
| விலை | ஊர்ப் பெயருக்கும் சேர்த்து | மிகக் குறைவு | அதிகம், கிடைப்பதும் அரிது |
| எதிர்பாராத செலவு | மரபு விதிப்படி பழுதுபார்ப்பு | கழிவுத்தொட்டி, ராடான், இரண்டாம் கார் | சூடேற்றம், இரண்டாம் வீட்டு வரி |
| போய்ப் பார்க்க வேண்டிய மாதம் | ஆகஸ்ட் | நவம்பர் | ஏப்ரல் |

கடைசி வரி வேடிக்கைக்குப் போட்டதில்லை. ஒவ்வொரு ஊரையும் அதன் மோசமான மாதத்தில் பார்க்க வேண்டும். வெஸ்லேக்கு அது கூட்டம் பிதுங்கும் ஆகஸ்ட்; ஜான்சியூவுக்கு ஈர நவம்பர்; சேன்-வெரானுக்கு, பனியும் சேறும் கலந்து சறுக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் இருக்கும் ஏப்ரல்.

எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்று: பழைய வீட்டுக்கு நொத்தேர் செலவு என்று நாம் சொல்லும் பதிவுக் கட்டணங்களும் வரிகளும் விலையில் 7–8 சதவீதம் வரும். வங்கியில் கடன் கேட்கும்போது பலர் இதை மறந்துவிட்டு, கடைசி வாரத்தில் உறவினர்களுக்குத் தொலைபேசி போடுகிறார்கள்.

## மூவருக்கும் சொன்னது

ஓய்வுபெறும் அண்ணனுக்கு வெஸ்லே வட்டாரம், ஆனால் குன்றின் மேல் வேண்டாம். ரயில் கிட்டத்தில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் வந்து போகலாம், மருத்துவமனை அரை மணிக்குள். அவலோனைச் சுற்றியுள்ள கொம்யூன்களில், மருந்துக்கடைக்கு நடந்து போகும் தூரத்தில் பாருங்கள் என்றேன். அவர் 'தோட்டம்?' என்றார். களிமண் நிலமா என்று பார்த்துவிட்டு வாங்கினால் தோட்டம் நன்றாகவே வரும். சுவர் விரிசலையும் அதே பார்வையில் பார்த்துவிடலாம்.

தம்பதிக்கு மில்வாஷ் பீடபூமி, மூன்று நிபந்தனையோடு. கொம்யூனின் மையக் குடியிருப்பிலோ அதிலிருந்து நடக்கும் தூரத்திலோ வீடு இருக்க வேண்டும். கண்ணாடி இழை இணையம் அந்த வாசல் வரை வந்துவிட்டதா என்று முகவரி போட்டுப் பார்க்க வேண்டும். 'வரப்போகிறது' என்ற பதில் செல்லாது. வாங்குமுன் ஒரு குளிர்காலம் அங்கே வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலுவலகத்துக்கு மாதம் எத்தனை முறை போக வேண்டும் என்றும் கேட்டேன். இரண்டு முறை என்றால் தாங்கும். வாரம் இரண்டு முறை என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

விடுமுறை வீட்டுக்காரருக்கு என் பதில் பிடிக்கவில்லை. சேன்-வெரான் படத்தை அவர் கைப்பேசியின் முகப்பிலேயே வைத்திருக்கிறார். வீட்டுக் கடன் தவணை, இரண்டு வரி, காப்பீடு, குழாய் உறையாமல் இருக்க ஆள் வைக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, ஆண்டுக்கு அவர் தங்கப் போகும் முப்பது இரவால் வகுத்துக் காட்டினேன். ஓர் இரவின் விலை பாரீஸில் நல்ல ஓட்டல் அறையைத் தாண்டியது. 'வாடகை வருமே' என்றார். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும், அவர் போக விரும்புவதும் அதே மாதங்களில்தான்.

எங்கள் வீட்டு நிலவரம்: அந்த ஜூலை வீட்டை விட்டுவிட்டோம். இந்த நவம்பரில் ஜான்சியூ பக்கம் இன்னொரு வீட்டைப் பார்க்கப் போகிறோம், தெற்குச் சரிவு, தோப்பு தொலைவில், கழிவுத்தொட்டி அறிக்கையை முன்கூட்டியே வாங்கிப் படித்தாயிற்று. என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எண்ணூறு மீட்டரில், அந்தக் குளிரில், கறிவேப்பிலைத் தொட்டியை எந்த ஜன்னலில் வைப்பது? வீட்டின் வரைபடத்தை மேசையில் விரித்து இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.